விண்டோஸ் அப்டேட்டில் கோப்புகள் பறிபோகாமல் இருக்க: முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

2018 அக்டோபர் 2 அன்று விண்டோஸ் 10-இன் 1809 என்ற பதிப்பை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. செட்டிங்ஸுக்குள் போய் 'செக் ஃபார் அப்டேட்ஸ்' பொத்தானைத் தாங்களாகவே அழுத்தியவர்களுக்குத்தான் முதலில் அது கிடைத்தது. அடுத்த சில நாட்களிலேயே புகார்கள் வரத் தொடங்கின. அப்டேட் முடிந்து கணினி திறந்தால் டாக்குமென்ட்ஸ் காலி, பிக்சர்ஸ் காலி. ரீசைக்கிள் பின்னிலும் ஒன்றும் இல்லை. அழிக்கட்டுமா என்று எந்த இடத்திலும் கணினி கேட்கவில்லை. பழைய பதிப்புக்குத் திரும்பிப் பார்த்தவர்களுக்கும் கோப்புகள் கிடைக்கவில்லை. அதே வாரத்தில் மைக்ரோசாஃப்ட் வெளியீட்டை நிறுத்தியது. பிழையைச் சரிசெய்து மறுபடி வெளியிட்டது நவம்பர் 13 அன்று.

பாதிக்கப்பட்டதாகப் புகார் செய்தவர்கள், அந்தப் பதிப்பை நிறுவியவர்களில் 10,000 பேருக்கு ஒருவர் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. சிறிய விகிதம்தான். ஆனால் அந்த ஒருவரின் கணினியில் இருந்தது பத்து வருடக் குடும்பப் படங்களாகவோ, எழுதி முடிக்கும் நிலையில் இருந்த ஆய்வேடாகவோ இருந்தால் அவருக்கு அந்த விகிதத்தால் எந்த ஆறுதலும் இல்லை.

இந்த வழிகாட்டியை அந்த 1809 நிகழ்வை வைத்தே எழுதுகிறேன். என்ன நடந்தது என்பதை மைக்ரோசாஃப்டே விளக்கமாக வெளியிட்டது. அதைப் புரிந்துகொண்டால் எதைச் சரிபார்க்க வேண்டும் என்பது தானாகவே விளங்கும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால் இப்போது ஏராளமானோர் விண்டோஸ் 11-க்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய அப்டேட்டுக்கு முன் செய்ய வேண்டியதை எல்லாம் செய்ய இதுவே சமயம்.

அன்று அழிந்தது எப்படி

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் போன்ற சில ஃபோல்டர்களை விண்டோஸ் தனிக் கவனத்தோடு வைத்திருக்கிறது. வழக்கமாக இவை சி டிரைவில், யூசர்ஸ் ஃபோல்டருக்குள், உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டரில் இருக்கும். இடம் போதவில்லை என்றால் இவற்றை வேறு டிரைவுக்கு மாற்றிக்கொள்ளலாம். டாக்குமென்ட்ஸை டி டிரைவுக்கு மாற்றினால், அதன்பின் 'டாக்குமென்ட்ஸ்' என்று கிளிக் செய்யும்போதெல்லாம் டி டிரைவில் உள்ளதுதான் திறக்கும்.

இங்கேதான் சிக்கல். மாற்றும்போது, பழைய இடத்தில் உள்ள கோப்புகளையும் நகர்த்தட்டுமா என்று விண்டோஸ் கேட்கும். வேண்டாம் என்று சொன்னவர்களின் கோப்புகள் சி டிரைவிலேயே தங்கிவிடும். அதாவது ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர்கள் இருக்கும். ஒன்றை விண்டோஸ் தன் கணக்கில் வைத்திருக்கும். மற்றது அதன் கணக்கில் இல்லை, ஆனால் உள்ளே உங்கள் கோப்புகள் இருக்கின்றன.

2018 ஏப்ரலில் வந்த அப்டேட்டுக்குப் பிறகு, இப்படி ஒரே பெயரில் காலி ஃபோல்டர்கள் கூடுதலாகத் தெரிகின்றன என்று பயனர்கள் குறை சொன்னார்கள். அதைச் சரிசெய்ய அக்டோபர் பதிப்பில் புதிய நிரல் சேர்க்கப்பட்டது. பழைய இடத்தில் உள்ள ஃபோல்டரை நீக்கிவிட வேண்டும் என்பது அதன் வேலை. அது காலியாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட நிரல், காலியாக இல்லாதவற்றையும் சேர்த்து அழித்தது. மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பு வசதியான ஒன்டிரைவின் பழைய பதிப்பு ஒன்றும் இதில் சேர்ந்துகொண்டது. அதிலிருந்த தானாகச் சேமிக்கும் வசதியை இயக்கியவர்களுக்கு, டாக்குமென்ட்ஸும் பிக்சர்ஸும் ஒன்டிரைவுக்குள் மாறின. ஏற்கெனவே இருந்த கோப்புகள் மட்டும் பழைய இடத்திலேயே நின்றன. அவையும் போயின.

நம் ஊர்க் கணினிகளுக்கு இது நேராகப் பொருந்தும். அசெம்பிள் செய்து தரும் கடைகளில் ஒரே ஹார்ட் டிஸ்கை சி, டி, இ என்று பிரித்துக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். 'விண்டோஸ் போனாலும் டி டிரைவில் இருப்பது போகாது, முக்கியமானதை அங்கே வையுங்கள்' என்று சொல்லியும் அனுப்புவார்கள். விண்டோஸை மறுபடி நிறுவும் விஷயத்தில் அந்த அறிவுரை சரி. ஆனால் டாக்குமென்ட்ஸை டி டிரைவுக்குப் பாதி மாற்றி, பாதியைச் சி டிரைவில் விட்டு வைத்திருக்கும் கணினிகள் இதனால்தான் நிறைய. 1809 தாக்கியது இந்த அமைப்பைத்தான். டிஸ்கே பழுதானால் சி, டி, இ மூன்றும் ஒன்றாகப் போகும் என்பது இன்னொரு பக்கம்.

விண்டோஸில் மட்டுமல்ல

2001-இல் ஆப்பிள் வெளியிட்ட ஐடியூன்ஸ் 2-இன் நிறுவல் நிரலில் ஒரு வரி, டிரைவின் பெயருக்கு நடுவே இடைவெளி இருக்கக்கூடும் என்பதை மறந்து எழுதப்பட்டிருந்தது. அப்படிப் பெயர் வைத்திருந்தவர்களில் சிலர் டிரைவில் உள்ள அனைத்தையும் இழந்தார்கள். 2020 ஆகஸ்ட்டில் ஐபோனில் படங்களைத் திருத்த உதவும் அடோபி லைட்ரூம் செயலியின் 5.4 பதிப்பு, மேகச் சேமிப்புக்கு (கிளவுடுக்கு) இன்னும் ஏறாத படங்களையும் எடிட்டிங் அமைப்புகளையும் அழித்தது. அவற்றை மீட்க வழியில்லை என்று அடோபியே அறிவித்தது. போனை முழுதாக பேக்கப் எடுத்து வைத்திருந்தவர்களுக்கு மட்டும் ஒரு வழி இருந்தது.

இவற்றில் என்னை அதிகம் பாதித்தது ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் நடந்தது. அங்குள்ள சூப்பர் கம்ப்யூட்டரின் சேமிப்பகத்தில் 2021 டிசம்பர் 14 முதல் 16 வரை ஏறத்தாழ 77 டெராபைட், சுமார் 3 கோடியே 40 லட்சம் கோப்புகள் அழிந்தன. 14 ஆய்வுக் குழுக்களின் தரவு அது. அழித்ததும் பேக்கப் நிரல்தான். பழைய பதிவுக் கோப்புகளை நீக்கும் ஒரு ஸ்கிரிப்ட் (கட்டளைத் தொகுப்பு) ஓடிக்கொண்டிருக்கும்போதே, பராமரிப்பாளரான ஹெச்பிஇ நிறுவனம் அதன் மேல் புதிய பதிப்பை ஏற்றிவிட்டது. ஸ்கிரிப்ட் வரிவரியாகப் படிக்கப்படுவது. பாதிவழியில் புதிய வரிகளுக்குத் தாவியதும், எந்த ஃபோல்டர் என்று சொல்லும் மாறிக்கு மதிப்பே இல்லாமல் போனது. பதிவுக் கோப்புகளின் ஃபோல்டருக்குப் பதில் ஆய்வுத் தரவு அழிந்தது. நான்கு குழுக்களின் தரவை மீட்க முடியவில்லை.

இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது ஒன்று. அப்டேட் நிரல் உங்கள் கோப்புகளை அழிக்கும் அதிகாரத்தோடு ஓடுகிறது. உங்கள் கோப்பு எங்கே இருக்கிறது என்று அது ஏதோ ஒன்றை ஊகித்துக்கொள்கிறது. ஊகம் தவறினால் அதைத் தடுக்க யாரும் இல்லை. எனவே பாதுகாப்புக்கு இரண்டே வேலைகள்தான். கோப்புகள் உண்மையில் எங்கே இருக்கின்றன என்று நீங்கள் தெரிந்து வைத்திருப்பது ஒன்று. அப்டேட்டின் கைக்கு எட்டாத இடத்தில் ஒரு நகல் வைப்பது இன்னொன்று. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த இரண்டின் விரிவுதான்.

அப்டேட்டுக்கு முன்

படி 1: கோப்புகள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

ஃபைல் எக்ஸ்புளோரரைத் திறந்து, இடப்பக்கம் உள்ள டாக்குமென்ட்ஸ் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போங்கள். அதில் லொக்கேஷன் என்ற தாவல் இருக்கும். அங்கே தெரியும் பாதையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ், மியூசிக் ஆகியவற்றுக்கும் இப்படியே செய்யுங்கள்.

எல்லாப் பாதையும் சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயரின் கீழ் இருந்தால் நீங்கள் இயல்பான அமைப்பில் இருக்கிறீர்கள். ஏதேனும் ஒன்று டி டிரைவையோ ஒன்டிரைவ் ஃபோல்டரையோ காட்டினால் அடுத்த வேலை முக்கியமானது. எக்ஸ்புளோரரில் சி டிரைவுக்குள் நீங்களே நுழைந்து, யூசர்ஸ், பிறகு உங்கள் பெயர் என்று போய், அங்கே இன்னொரு டாக்குமென்ட்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இடப்பக்கக் குறுக்குவழியைத் தொடாதீர்கள். அது உங்களைப் புதிய இடத்துக்குத்தான் அழைத்துப் போகும்.

இந்த ஃபோல்டர்களுக்கு வெளியேயும் முக்கியமானவை இருக்கும். டேலி போன்ற கணக்கு மென்பொருள்கள், அவுட்லுக், போட்டோ ஸ்டுடியோக்களில் ஆல்பம் வடிவமைக்கும் மென்பொருள்கள் எல்லாம் தங்கள் தரவைத் தங்களுக்கென்று ஓர் இடத்தில் வைக்கின்றன. அந்த இடம் எது என்பதை அந்தந்த மென்பொருளின் அமைப்புகளுக்குள்ளேயே பார்த்து, அதே தாளில் சேர்த்துவிடுங்கள். டெஸ்க்டாப்பில் இருப்பது பெரும்பாலும் வெறும் ஷார்ட்கட்தான். அதை நகலெடுத்து வைத்துவிட்டுக் கணக்கே பத்திரமாகிவிட்டது என்று நம்பி இருப்பவர்கள் உண்டு.

படி 2: பாதி மாற்றியதை முழுதாக மாற்றுங்கள்

இரண்டு டாக்குமென்ட்ஸ் இருந்தால், பழையதில் உள்ளவற்றைப் புதியதற்குள் ஒரு தனி ஃபோல்டரில் நகலெடுங்கள். 'சி டிரைவில் இருந்தவை' என்று பெயர் வைத்தால் போதும். நேராகக் கலந்தால் ஒரே பெயரில் உள்ள கோப்புகளில் புதியதன் மேல் பழையது ஏறிவிடக்கூடும். நகல் திறக்கிறதா என்று பார்த்த பிறகே பழையதை நீக்குங்கள்.

இனிமேல் இடம் மாற்றப் போகிறவர்கள், டி டிரைவில் முதலில் 'டாக்குமென்ட்ஸ்' என்று ஒரு ஃபோல்டரை உருவாக்கி அதைக் காட்டுங்கள். டி டிரைவின் மேல்மட்டத்தையே இடமாகக் கொடுத்தால் அந்த டிரைவ் முழுவதும் டாக்குமென்ட்ஸாக மாறிவிடும். அதிலிருந்து வெளியே வருவது பெரும்பாடு. கோப்புகளை நகர்த்தட்டுமா என்று கேட்கும்போது ஆம் என்று சொல்லுங்கள்.

படி 3: நகல் எடுங்கள், சரிபாருங்கள், கழற்றி வையுங்கள்

இதில் மூன்றாவது சொல்தான் உயிர். யுஎஸ்பியில் எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க், கணினியில் ஓடும் எந்த நிரலுக்கும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தாலும் அதையும் பூட்டிவிடும். நகல் முடிந்ததும் கழற்றி அலமாரியில் வையுங்கள். அப்டேட் முழுதாக முடிந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரியும் வரை அதை மறுபடி செருக வேண்டாம்.

எந்த டிஸ்க்? ஒரு டெராபைட் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். பென் டிரைவை ஒரே நகலாக நம்ப வேண்டாம். பழைய பென் டிரைவ்கள் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது; கல்யாண வீடியோக்கள் அங்கேதான் நின்றுவிடும். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க்காக இருக்கட்டும்.

தமிழில் பெயர் வைத்த கோப்புகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. விண்டோஸில் ஒரு கோப்பின் முழுப் பாதை சுமார் 260 குறியீடுகளுக்குள் இருக்க வேண்டும் என்ற பழைய வரம்பு பல இடங்களில் இன்னும் இருக்கிறது. தமிழில் 'கோ' என்று நாம் ஓர் எழுத்தாகப் பார்ப்பது கணினிக்கு இரண்டு குறியீடுகள்; புள்ளி வைத்த மெய்யும் அப்படியே. அதனால் நீளமான தமிழ்ப் பெயர்களும், ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போகும் அடுக்கும் சேர்ந்தால் வரம்பைச் சீக்கிரம் தொட்டுவிடும். நகலெடுக்கும்போது பெயர் மிக நீளம் என்று ஒரு செய்தி வந்தால், அந்தக் கோப்பைத் தவிர்த்துவிடும் பொத்தானை அவசரத்தில் அழுத்த வேண்டாம். வெளி ஃபோல்டரின் பெயரைச் சுருக்கிவிட்டு மறுபடி முயலுங்கள்.

சரிபார்ப்பது எளிது. மூல ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் எத்தனை கோப்புகள், எத்தனை பைட் என்று பாருங்கள். நகலிலும் பாருங்கள். எண்கள் ஒத்துப்போக வேண்டும். பிறகு நான்கைந்து கோப்புகளை நகலிலிருந்தே திறந்து பாருங்கள்: ஒரு படம், ஒரு வீடியோவின் கடைசி நிமிடம், ஒரு பெரிய எக்செல். முடிந்தால் வேறொரு கணினியில் திறந்து பாருங்கள்.

ஒன்டிரைவும் கூகுள் டிரைவும் இருந்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. அவை ஒத்திசைவு செய்பவை. கணினியில் ஒரு கோப்பு அழிந்தால் அந்த அழிவையும் மேலே கொண்டுபோய்ச் சேர்க்கும். ஒன்டிரைவின் தனிநபர் கணக்கில் குப்பைத்தொட்டி 30 நாள் வைத்திருக்கும். கூகுள் டிரைவிலும் 30 நாள்தான். எப்போதோ ஒருமுறை திறக்கும் ஃபோல்டர் காலியானது இரண்டு மாதம் கழித்துத்தான் கண்ணில் பட்டால் அந்தக் கெடுவும் முடிந்திருக்கும். தவிர, ஒத்திசைவு மென்பொருளுக்கும் அப்டேட் உண்டு. 2023 நவம்பரில் கூகுள் டிரைவின் கணினிப் பதிப்பு 84-இல், மேலே ஏறாத கோப்புகள் சிலருக்குக் காணாமல் போயின. மேகத்தில் ஒரு நகல் இருப்பது நல்லதுதான். வீட்டுக்குத் தீ, வெள்ளம், திருட்டு என்று வந்தால் அதுதான் மிஞ்சும். அலமாரியில் உள்ள டிஸ்கோடு சேர்த்து இரண்டாவதாக அதை வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸிலேயே உள்ள ஃபைல் ஹிஸ்டரி என்ற வசதி, கன்ட்ரோல் பேனலில் இருக்கிறது. எக்ஸ்டர்னல் டிஸ்கைக் காட்டிவிட்டால் மாறிய கோப்புகளை மணிக்கொருமுறை சேமிக்கும். ஒரு கோப்பின் பழைய நிலைகளும் கிடைக்கும். எந்தெந்த ஃபோல்டர்களைச் சேர்த்திருக்கிறது என்ற பட்டியலைக் கட்டாயம் பாருங்கள். படி 1-இல் எழுதிய தாளில் உள்ள எல்லாமும் தானாகவே அதில் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். சிஸ்டம் ரெஸ்டோர் என்பது வேறு. அது விண்டோஸின் அமைப்புகளைத் திருப்பும். உங்கள் படங்களையும் ஆவணங்களையும் மீட்டுத் தராது.

படி 4: பிட்லாக்கர் சாவியை எழுதி வையுங்கள்

புதிய லேப்டாப்கள் பலவற்றில், பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதியால் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். அப்டேட்டுக்குப் பிறகு திடீரென நீலத்திரையில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டால் அது கையில் இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில், சாதனங்கள் பகுதியில் பெரும்பாலும் கிடைக்கும். தாளில் எழுதி, லேப்டாப் பையில் வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள். டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி மீட்க நேர்ந்தாலும் இந்தச் சாவி இல்லாமல் ஒன்றும் நடக்காது.

படி 5: பெரிய அப்டேட்டைத் தள்ளிப் போடுங்கள், சிறியதைத் தள்ளிப் போடாதீர்கள்

மாதந்தோறும் இரண்டாவது செவ்வாயன்று வரும் பாதுகாப்பு அப்டேட்டுகள் ஓட்டைகளை அடைப்பவை. அவற்றை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பது ஆபத்து. ஆண்டுக்கொருமுறை வரும் பெரிய பதிப்பு மாற்றம் வேறு விஷயம். அது வந்த முதல் வாரத்திலேயே நிறுவ எந்த அவசியமும் இல்லை. 1809-இல் பாதிக்கப்பட்டவர்கள் முதல் சில நாட்களில் விரும்பி நிறுவியவர்களே. காத்திருந்தவர்களுக்குப் பிழை நீக்கிய பதிப்பு கிடைத்தது.

செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 'பாஸ் அப்டேட்ஸ்' மூலம் ஐந்து வாரம் வரை நிறுத்தலாம். விண்டோஸ் 11-இல் புதிய அப்டேட்டுகள் கிடைத்தவுடன் பெறுவதற்கென்று ஒரு பொத்தான் அதே பக்கத்தில் இருக்கிறது. அதை அணைத்தே வையுங்கள். வேலைக்குக் கெடு நெருங்கும் வாரத்தில் பதிப்பு மாற்றம் வேண்டவே வேண்டாம்.

அப்டேட் முடிந்ததும்

படி 1-இல் எழுதிய தாளை எடுத்து, ஒவ்வொரு பாதையையும் திறந்து பாருங்கள். கோப்பு எண்ணிக்கை சரியா? முதல் பத்து நாளுக்கு டிஸ்க் கிளீனப் எதையும் ஓட்டாதீர்கள். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு பழைய நிறுவலை 'விண்டோஸ்.ஓல்ட்' (Windows.old) என்ற ஃபோல்டரில் சி டிரைவில் விண்டோஸ் வைத்திருக்கும். பத்து நாளில் அது தானாக நீங்கும். இடம் பிடிக்கிறதே என்று முதல் நாளே அழித்துவிட்டால் ஒரு பிடிமானம் போகிறது. இன்னொன்று: டிஸ்க் கிளீனப் பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் 1809 பதிப்பில் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். எல்லாக் கட்டங்களையும் டிக் செய்து பழகியவர்களின் டவுன்லோட்ஸ் அப்படித்தான் காலியானது. டிக் போடும் முன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள்.

கோப்புகள் காணவில்லையா? முதலில் கையை எடுங்கள்

புதிதாக எதையும் சேமிக்காதீர்கள், இறக்காதீர்கள், நிறுவாதீர்கள். மீட்பு மென்பொருளையும் அந்தக் கணினியில் இறக்க வேண்டாம். பழைய பதிப்புக்குத் திரும்பும் பொத்தானையும் அழுத்த வேண்டாம். கோப்பு அழிந்தால் அது இருந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறதே தவிர, உள்ளடக்கம் உடனே போவதில்லை. அதன் மேல் வேறொன்று எழுதப்படும்போதுதான் போகும். பதிப்பைத் திருப்புவது பல ஜிபி அளவுக்கு டிஸ்கில் எழுதும் வேலை. 1809 நேரத்தில் மைக்ரோசாஃப்ட் தந்த அறிவுரையும், அந்தக் கணினியை முடிந்தவரை பயன்படுத்தாமல் வையுங்கள் என்பதுதான்.

பிறகு, எதையும் எழுதாமல் மூன்று இடங்களைப் பாருங்கள். உண்மையில் அழியாமல் இடம் மாறி இருப்பதே அதிகம்.

யூசர்ஸ் ஃபோல்டரில் உங்கள் பெயரோடு '.000' அல்லது '.bak' என்று முடியும் ஃபோல்டர் இருக்கிறதா? 2020 பிப்ரவரி 11-இல் வந்த அப்டேட்டுக்குப் பிறகு சிலருக்கு டெஸ்க்டாப் புத்தம்புதிதாக வெறுமையாகத் தோன்றியது. விண்டோஸ் அவர்களைத் தற்காலிகக் கணக்கில் நுழைத்திருந்தது. உண்மைக் கோப்புகள் பெயர் மாறிய ஃபோல்டரில் பத்திரமாக இருந்தன. இந்த நிலையில் கணினியை ஓரிரு முறை மறுதொடக்கம் செய்தாலே பலருக்குச் சரியாகும். தற்காலிகக் கணக்கில் சேமிப்பது எதுவும் வெளியேறியதும் போய்விடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் டாக்குமென்ட்ஸ் இருக்கிறதா? ஃபோல்டர் பேக்கப் இயங்கினால் கோப்புகள் அங்கே மாறிவிடும். அதை நிறுத்தினால் டாக்குமென்ட்ஸ் காலியாகத் தெரியக்கூடும். கோப்புகள் ஒன்டிரைவ் ஃபோல்டரிலேயே இருக்கும். போன் வழியாக ஒன்டிரைவ் இணையப் பக்கத்தின் குப்பைத்தொட்டியையும் பாருங்கள்.

மூன்றாவது, விண்டோஸ்.ஓல்ட்டுக்குள் யூசர்ஸ், அதற்குள் உங்கள் பெயர்.

மூன்றிலும் இல்லை, கழற்றி வைத்த டிஸ்க்கும் இல்லை. அப்படியானால் கணினியை அணையுங்கள்.

மீட்பு

உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா என்பதைப் பொறுத்து வாய்ப்பு வெகுவாக மாறும். ஹார்ட் டிஸ்க்கில் நம்பிக்கை அதிகம். எஸ்எஸ்டியில், அழித்த இடங்களை விண்டோஸ் உடனே டிஸ்குக்குச் சொல்லிவிடும். டிரிம் என்று அதற்குப் பெயர். டிஸ்க் தன் வசதிக்கு அந்த இடங்களைத் துடைத்துவிடும். மின்சாரம் இருக்கும் வரை இது நடக்கும் என்பதால்தான் அணைக்கச் சொல்கிறேன். எஸ்எஸ்டியில் முழுதாக மீளும் என்று உறுதி கொடுப்பவரை நம்ப வேண்டாம்.

கழற்றத் தெரிந்தால் டிஸ்கைக் கழற்றி, வேறொரு கணினியில் யுஎஸ்பி வழியாக இரண்டாவது டிஸ்காக இணையுங்கள். முதலில் அதன் முழுப் பிம்பத்தை, அதாவது டிஸ்கில் உள்ளது அனைத்தின் அச்சு அசலான நகலை, இன்னொரு பெரிய டிஸ்கில் எடுத்துவிட வேண்டும். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி இதைச் செய்யும். பிறகு செய்யும் முயற்சிகள் எல்லாம் அந்தப் பிம்பத்தின் மேல்; மூல டிஸ்கைத் தொட வேண்டாம். படங்களுக்கும் வீடியோக்களுக்கும் போட்டோரெக் நல்ல இலவசக் கருவி. கோப்புகளை உள்ளடக்கத்தின் வடிவத்தை வைத்தே அது தேடுவதால் பெயரும் ஃபோல்டர் அடுக்கும் திரும்பாது. ஆயிரக்கணக்கான எண் பெயர்களுக்குள் தேட வேண்டியிருக்கும். பெயரோடு வேண்டுமென்றால் முதலில் டெஸ்ட்டிஸ்கையோ, 2020-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் ஃபைல் ரெக்கவரியையோ முயலுங்கள். மீட்டவற்றை எப்போதும் வேறு டிஸ்கில்தான் சேமிக்க வேண்டும்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் கடைக்குக் கொடுப்பதானால், கொடுக்கும்போதே மூன்றைச் சொல்லுங்கள்: விண்டோஸை மறுபடி நிறுவக் கூடாது, ஃபார்மேட் செய்யக் கூடாது, மூல டிஸ்கில் எதையும் எழுதக் கூடாது. பிம்பம் எடுத்துத்தான் வேலை செய்வீர்களா என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குத் தடுமாறுபவரிடம் டிஸ்கைக் கொடுக்காதீர்கள். அப்டேட் அழித்த கோப்புக்காக ஹார்ட் டிஸ்கின் மூடியைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை. திறக்க வேண்டும் என்று சொன்னால் டிஸ்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

புகார் எழுதுங்கள்

1809 பொதுவெளியீட்டுக்கு முன்பே, சோதனைப் பதிப்பைப் பயன்படுத்தியவர்களில் சிலர் கோப்புகள் அழிந்ததாக, மைக்ரோசாஃப்டுக்குப் புகார் அனுப்பும் விண்டோஸ் செயலியான ஃபீட்பேக் ஹப்பில் எழுதியிருந்தார்கள். அதிகம் பேர் ஆதரிக்காததால் அந்தப் புகார்கள் குவியலுக்குள் மறைந்துபோயின. நிகழ்வுக்குப் பிறகு மைக்ரோசாஃப்ட் அந்தப் படிவத்தில் பாதிப்பின் தீவிரத்தைக் குறிக்கும் இடத்தைச் சேர்த்தது. அதைப் பயன்படுத்துங்கள். வேறு கணினியிலிருந்தோ போனிலிருந்தோ, மென்பொருள் நிறுவனம் எதுவானாலும், தரவு அழிந்தது என்ற சொற்களைத் தலைப்பிலேயே வையுங்கள். எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு மாறினீர்கள், எந்த ஃபோல்டர், அதன் இடத்தை எப்போதாவது மாற்றினீர்களா, ஒன்டிரைவ் இயங்கியதா, எந்த நாளில் நடந்தது என்பவற்றை எழுதுங்கள். பிழையைத் தேடும் பொறியாளருக்கு வேண்டியவை இவைதான். படி 1-இல் எழுதிய தாள் இருந்தால் ஐந்து நிமிடத்தில் எழுதிவிடலாம்.